அடுப்பு வைக்க வந்தவள்

அடுப்பு வைக்கிற தொழிலில் புகையை ஒரு குழாய் போட்டு வெளியே அனுப்பிவிடலாம், வீட்டுக்காரர்களின் சந்தேகத்தை வெளியே அனுப்பத்தான் எந்தக் கடையிலும் குழாய் கிடைப்பதில்லை.

என்ன தொழில் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பில் ஒரு விறகு அடுப்பு செய்வேன். உள்ளே நெருப்புக்குத் தாங்குகிற செங்கல் பதித்து, பின்பக்கம் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து, அந்தச் சுருளைப் பரண் மேல் இருக்கும் ஒரு தொட்டியோடு இணைப்பேன். சோறு வேகிற நெருப்பிலேயே தண்ணீரும் காய்ந்து குளியலறைக் குழாயில் வரும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறின தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். வேலூர் வெயிலில் சூட்டை விற்கிறாயா என்று கேட்கப்போகிறீர்கள். அதைக் கேட்காத ஆளே இந்த ஜில்லாவில் இல்லை. கேட்டவர்களில் ஒருத்தர்கூட மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதில்லை என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிப்போய் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தேன். என் வீட்டுக்காரர் சேகர் கிரில், கேட் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறையில் நின்று வெல்டிங் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு ஓர் அடுப்பு செய்தேன், பார்த்த இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள், பொங்கல் முடிந்து வேலையை விட்டுவிட்டேன். பர்சனல் ஆபீசர் சிரித்தார். ஒரு வருஷம் என் சீட்டைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் திரும்பினால் பழைய சர்வீஸ் அப்படியே இருக்கும் என்றும், அதற்கு மேல் வந்தால் புது ஆளாக ஹெல்பரில் ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டேன் என்று பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம் என் காது கேட்கவே சொன்னார். எனக்கு வந்த கோபம்தான் என் முதல் மூலதனம். பிளம்பர்களே, ஏ.சி. மெக்கானிக்குகளே, அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஏணி சாத்திப் பேச்சு வாங்குகிற எல்லாருமே, அந்த ஒரு வருஷத்தில் நடந்ததை உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

நாற்காலி மரியாதை

முதல் வெளி வேலை சத்துவாச்சாரியில். ஹைவேயிலிருந்து நாலாவது தெரு, ரிட்டயர்ட் ஆன ஒரு பேங்க்காரர் வீடு. புகைபோக்கிக்காக மொட்டை மாடியில் ஓட்டை போட வேண்டும். ஏணி பிடிக்க ஆள் இல்லாததால் சேகரைக் கூட்டிப்போயிருந்தேன். வீட்டுக்காரர் வாசலிலேயே சேகரின் கையைப் பிடித்துக் குலுக்கி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்தார். என்னைப் பார்த்து, செருப்பை வெளியே விடும்மா என்றார்.

நான் சுவரை அளந்தேன், சாக்பீஸால் கோடு போட்டேன், டிரில்லை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் சேகரிடம்தான் கேட்டார். ஓட்டை எத்தனை இன்ச், மழைத் தண்ணீர் இறங்காதா, தொட்டி எத்தனை லிட்டர். பதில் சொன்னது நான். அவர் தலையாட்டியது சேகரைப் பார்த்து. கடைசியில் நான் மாடியிலிருந்து இறங்கிவந்து, அவருக்கும் சேகருக்கும் நடுவில் நின்றுகொண்டு, சந்தேகம் ஏதாவது பாக்கி இருக்கிறதா சார் என்று கேட்டேன். அப்போதும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சேகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், நான் ஏணி புடிக்க வந்தவன். எனக்கு கேட்டு தெரியும், கிரில் தெரியும், இது தெரியாது. இன்னா கேக்கணுமோ அவங்கள கேளுங்க."

தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு

அதே சத்துவாச்சாரியில் இன்னொரு வீடு, புதிதாகக் கட்டியது. அடுப்பு அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். சரி. குளியலறை? வடமேற்கு. வீட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பஸ் விடலாம். தொட்டியிலிருந்து குழாய் அவ்வளவு தூரம் போனால் தண்ணீர் போய்ச் சேரும், சூடு போய்ச் சேராது. அடுப்பைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டேன். வீட்டம்மா காதைப் பொத்திக்கொண்டார். குளியலறையையாவது நகர்த்தலாமா என்று கேட்டேன். மேஸ்திரிக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்றார்.

குழாய்க்கு மேல் சுற்றுகிற பொருள் கடையில் இருக்கிறது, ஆனால் இந்தக் குழாய் போகிற வெயிலில் அது ஒரு கோடையில் பொடிந்துபோகும். இரண்டு நாள் யோசித்தேன். பதினைந்து வருஷம் நான் தைத்தது என்ன? காலைச் சுற்றித் தோலும், அதற்குள் ஒரு ஃபோமும். குழாயும் ஒரு கால்தான். ஷூவுக்குள் வைக்கிற ஃபோம் ஷீட்டை மொத்தமாக வாங்கி, வெளிப்பக்கம் ரெக்சின் வைத்து நீளமான உறையாகத் தைத்தேன். அடுப்பை ஒட்டிய ஆறடிக்கு அதைப் போடவில்லை, தீப்பிடிக்கும். அதற்கப்புறம் வீடு முழுக்கப் போட்டேன். ஷூ கம்பெனியில் கற்றது வீண் என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். முதல் நாள் வடமேற்கு மூலையில் குழாயைத் திறந்தபோது ஆவி பறந்தது. வீட்டம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவ்ளோ தூரம் தண்ணி வெறுங்காலோட நடக்கும்னு நெனச்சேன். நீ பூட்ஸ் போட்டு கூட்டியாந்துட்டியேம்மா."

தணல்

ஆம்பூரில் ஜமீல் பாய் வீட்டில் அடுப்பு வைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவர் சம்சாரம் ஷாஹிதா அம்மா. அடுப்பு சரியில்லை, வந்து எடுத்துக்கொண்டு போ என்றார். பதறிக்கொண்டு ஓடினேன். புகை இல்லை, ஒழுகல் இல்லை, குழாயில் சுடுதண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. என்னதான் குறை? அடுப்பு விறகை முழுசாக எரித்துவிடுகிறது, அதுதான் குறை. நான் எந்தப் பெருமையைச் சொல்லி விற்றேனோ அதையே குற்றமாகச் சொன்னார். உள்ளே மாவு மாதிரி சாம்பல். தணல் ஒரு கைப்பிடி இல்லை. தேக்சா மூடியின் மேல் தணலைப் பரப்பாமல் பிரியாணிக்குத் தம் எப்படிப் போடுவது?

எனக்கும் கோபம் வந்தது. நன்றாக எரிவது என் தப்பா என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, உட்கார் என்றார். அவருடைய பழைய மண் அடுப்பில் அரிசி முக்கால் வேக்காடு ஆவதிலிருந்து தம் உடைக்கிறவரை உட்கார்ந்து பார்த்தேன். எந்த நேரத்தில் அவருக்குத் தணல் வேண்டும், எவ்வளவு வேண்டும், எவ்வளவு நேரம் அது உயிரோடு இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் காற்று போகிற வாய்க்கு ஒரு தகடு போட்டேன். தகட்டை இழுத்து மூடினால் எரிகிற கட்டை அப்படியே தணலாக நிற்கும், வாரி எடுக்கக் கீழே ஒரு தட்டும் வரும். இப்போது நான் செய்கிற எல்லா அடுப்பிலும் அந்தத் தகடு இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டப்பா பிரியாணியைக் கையில் கொடுத்துவிட்டு ஷாஹிதா அம்மா சொன்னது இது.

"அடுப்பு உன்னுது, நீ இன்னா வேணா பண்ணு. தம் என்னுது. அதுல மட்டும் கை வெக்காத."

கத்திரி

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. குழாயைத் திறந்தாலே சுடுதண்ணீர் வருகிற மாதங்கள். பட்டறையில் சேகர் கேட் செய்துகொண்டிருப்பார், நான் முடித்த அடுப்பையே மறுபடி மறுபடி ராவிக்கொண்டிருப்பேன். காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கிற நேரத்துக்கு நான் வேண்டுமென்றே வெளியே போவேன். ஒளிந்துகொண்டால் தோற்றுவிட்டேன் என்று ஆகிவிடும். ஆனால் சொல்லத்தான் வேண்டும், அந்த நாட்களில் பஸ் கிளம்பின பிறகு பட்டறைக்குள் வந்து அழுதிருக்கிறேன். பதினைந்து வருஷ சர்வீசைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்போடு மல்லுக்கட்டுகிறோமே என்று பயமாக இருந்தது. பர்சனல் ஆபீசர் ஒரு நாள் போன் செய்து, ஆறு மாதம் ஆகப்போகிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். உடம்பை விசாரிக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நன்றாக இருக்கிறேன் சார், கேன்டீனில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

என் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் தைத்த விமலா பஸ்ஸின் ஜன்னல் சீட்டிலிருந்து தலையை நீட்டுவாள். கிண்டலாகப் பேசுகிறவள் அல்ல, அதனால்தான் அதிகம் குத்தும். ஒரு நாள் பஸ் கிளம்புகிற நேரத்தில் கேட்டாள்.

"தேவகி, உன் சேர்ல யாரையும் ஒக்கார விடல. ஃபேன் காத்து நேரா வருது. வர்றியா, இல்ல அங்கயே நின்னு காஞ்சு போறியா?"

மூச்சுக் குழாய்

ஆடிக்காற்று வந்ததும் ஆர்டரும் வந்தது. ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீடு. தொட்டியின் உச்சியிலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு சின்னக் குழாய் விடுவேன். அதற்குத் தொப்பி கிடையாது, மூடி கிடையாது. தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் ஆவி அந்த வழியாகப் போய்விடும். அதை மட்டும் தொடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தடவை சொல்வேன். கடைக்காரர் மூன்று தடவையும் தலையாட்டியவர்.

பத்தாவது நாள் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனவள் எட்டிப் பார்த்தேன். பரண் மேல் தொட்டி உறுமிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்த கட்டைகளை இடுக்கியால் இழுத்து வாசலில் போட்டேன். வீட்டில் இருந்த எல்லாரையும் தெருவுக்குத் துரத்தினேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சூடு இறங்குகிறவரை காத்திருந்து மாடி ஏறினால், மூச்சுக் குழாயின் வாயில் ஒரு கட்டை அடித்து, அதற்கு மேல் கோணி சுற்றி, கம்பியால் கட்டியிருந்தது. கேட்டால், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வீணாகப் போகிறதாம். கடையில் எண்ணெய் டின்னை அடைத்துப் பழகிய கை.

நான் அவரை விடவில்லை. ஏணியில் ஏற்றினேன். அவர் கையாலேயே கம்பியை அறுக்கவைத்து, கட்டையைப் பிடுங்கவைத்தேன். மிச்சமிருந்த ஆவி புஸ்ஸென்று அவர் முகத்துக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போனது. இன்னொரு தடவை அடைத்தால் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவேன் என்று தெருவே கேட்கச் சொன்னேன். அவர் சம்சாரம் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இருவது வருஷமா இந்தாளு கிட்ட நானும் இப்டித்தாம்மா உள்ளயே கொதிச்சினு இருக்கேன். அதே மாதிரி எனக்கும் ஒரு பைப்பு வெச்சிட்டு போ."

நடுத்தெருவில் அறுத்த குழாய்

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டின ஒரு தெரு. வைத்து ஐந்து மாதமான அடுப்பில் சுடுதண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்றார்கள். வீட்டுக்காரர் நான் ஏணியை இறக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார். பழைய குழாயைப் பாலிஷ் போட்டு ஏமாற்றிவிட்டேன், பொம்பளை கையில் வேலை கொடுத்தால் இப்படித்தான், என்று அக்கம்பக்கத்தைக் கூட்டிப் பேசினார். நல்லது, கூட்டம் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். செம்புச் சுருளைக் கழற்றி வெளியே கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்தேன். ஆக்சா பிளேடால் அறுத்து இரண்டாகப் பிளந்தேன்.

உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. ஒரு பென்சில் நுழைகிற இடம்கூட மிச்சமில்லை. செம்பு புத்தம்புதிதாகத்தான் இருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன், உப்புக் கட்டி ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. இது உங்கள் வீட்டு போர் தண்ணீர், நான் கொண்டுவந்தது இல்லை என்றேன். மாதம் ஒரு தடவை திறந்து கழுவ வழி வைத்துப் புதுச் சுருள் செய்து தருகிறேன் என்று சொன்னபோது யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லாரும் அந்தப் பிளந்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் குடத்தோடு நின்றவள், யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டாள்.

"அஞ்சு மாசத்துல கொழா இப்டி ஆய்டுச்சின்னா, பொறந்ததுலருந்து குடிக்கிறமே, நம்ம உள்ள எப்டி இருக்கும்?"

சோளிங்கர் விருந்தாளிகள்

மலை ஏறுகிறவர்கள் தங்கும் ஒரு சின்ன லாட்ஜ். விடிவதற்கு முன்னால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சுடுதண்ணீர் வேண்டும் என்று இரட்டைச் சுருள் போட்ட அடுப்பு வைத்தேன், மேலே தகரத் தொப்பியோடு புகைபோக்கி. ஒரே வாரத்தில் தொப்பி காணவில்லை. வேறு வைத்தேன், அதுவும் காணவில்லை. மூன்றாவதை நான்கு போல்ட் போட்டு இறுக்கினேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. காலைக் குளிருக்கு அந்தச் சூடான குழாயை ஒரு குரங்குக் குடும்பம் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்கிறது, தொப்பி அவற்றின் தலையில் இடிக்கிறது, அதனால் பிடுங்கிப் போட்டிருக்கின்றன. நானும் விடுவதாக இல்லை. தொப்பியை இரண்டடி உயர்த்திக் கட்டினேன். இப்போது அவை சௌகரியமாக உட்கார்கின்றன, தொப்பியும் இருக்கிறது. லாட்ஜ் மேனேஜருக்கு மட்டும் திருப்தி இல்லை.

"இன்னாம்மா இது பேஜாரு. ரூமுல இருக்கறவங்களுக்கு ஹீட்டர் கேட்டேன். நீ ரூம் எடுக்காதவங்களுக்கு போட்டு குடுத்துட்டு போற."

ஏலகிரியில் ஒரு சுவர்

ஐப்பசியில் ஏலகிரியிலிருந்து ஓர் ஆர்டர். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று மலையில் வீடு கட்டிக்கொண்டு, மெட்ராஸுக்கும் மலைக்குமாகப் போய்வருகிறவர். அவருக்குக் குளிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, படுக்கையறையும் சூடாக வேண்டும். அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் அறைச் சுவரில் ஒரு குழாய்க் கூட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று போனில் படம் காட்டினார். வெளிநாட்டில் எல்லா வீட்டிலும் உண்டாம். இங்கே யாரும் செய்ததில்லை, உன்னால் முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. படத்தைப் பார்த்தால் எங்கள் பட்டறை ஜன்னல் கிரில் மாதிரிதான் இருந்தது. கம்பிக்குப் பதில் குழாய். நானும் சேகரும் சேர்ந்து வெல்டிங் செய்து எடுத்துப்போய் மாட்டினோம்.

நெருப்பு மூட்டினோம். கூட்டின் கீழ்ப்பாதி சுட்டது, மேல்பாதி ஜில்லென்று இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்தார், ஏதோ அழுத்தம், ஏதோ வித்தியாசம். நான் குழாய்மேல் காதை வைத்துக் கேட்டேன். மேலே களுக் களுக் என்று சத்தம். காற்று சிக்கிக்கொண்டிருக்கிறது. இருப்பதிலேயே உயரமான மூலையில் ஒரு சின்னத் திருகு வைத்துத் திறந்தேன். காற்று சீறிக்கொண்டு வெளியேறி, பின்னால் நாலு சொட்டுத் தண்ணீர் வந்தது. மேல்பாதியும் சுட ஆரம்பித்தது. அவர் கணக்கு அப்போதுதான் இரண்டாவது பக்கத்துக்குப் போயிருந்தது. மறுபடி ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது அவர் வெளியே நடக்கப் போயிருந்தார். வாட்ச்மேனின் சம்சாரம் குழாய்க் கூட்டின் மேல் தன் குடும்பத்துத் துணி முழுவதையும் காயப்போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மழ மாசத்துல இந்த மலையில துணி காஞ்சி நான் பார்த்ததே இல்ல. நல்லாருப்ப நீ. சாரு மெட்ராஸுக்கு எப்ப போறாருன்னு உங்கிட்ட எதுனா சொன்னாரா?"

கேன்டீன்

மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது என் பழைய கம்பெனியிலிருந்தே அழைப்பு வந்தது. கேன்டீனில் புகை அதிகம் என்று ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய அடுப்பு, புகைபோக்கி, தட்டு கழுவ சுடுதண்ணீர் எல்லாம் வேண்டும். அவ்வளவு பெரிய வேலை அதுவரை எனக்கு வந்ததில்லை. கேட்டில் என் பெயரை விசிட்டர் புத்தகத்தில் எழுதச் சொன்னபோது சிரிப்பு வந்தது. கேன்டீனில் பன்னிரண்டு வருஷமாகப் புகை தின்கிற சமையல்கார கௌரி அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையாலா வேறு எதனாலா தெரியாது. அளந்தேன். புகைபோக்கி போக ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் ஹால், என் சீட்டுக்குப் பக்கத்து ஜன்னல். விறகு நன்றாக எரிந்தால் அங்கே புகை தெரியாது என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அப்போது பர்சனல் ஆபீசர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு குவியலைக் காட்டினார். கட்டிங்கில் விழுகிற தோல் துண்டுகள், மூட்டை மூட்டையாக. இதைத்தான் உன் அடுப்பில் போடப்போகிறோம், விறகு வாங்கவே வேண்டாம், குப்பையும் ஒழியும் என்றார். என் வாழ்க்கையில் பாதியை அந்தத் தோலோடு கழித்தவள் நான். அது என்னென்ன மருந்தில் ஊறி வருகிறது என்று இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எரித்தால் வருகிற புகை நெஞ்சைப் பிடிக்கும், சாம்பல்கூட விஷம். மாட்டேன் என்றேன். வைப்பது மட்டும்தான் உன் வேலை, எதை எரிப்பது என்பது எங்கள் வேலை என்றார். என் சீட்டுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினார். ஒன்று, சொன்னபடி அடுப்பை வை. இல்லையென்றால் திங்கட்கிழமை வந்து மெஷினில் உட்கார், பதினைந்து வருஷம் அப்படியே இருக்கும். இரண்டும் இல்லையென்றால் இந்த கேட் பக்கமே வராதே என்றார்.

பொய் சொல்லமாட்டேன், அந்தப் பதினைந்து வருஷமும் ஒரு நிமிஷம் கண்முன் வந்து நின்றது. பிறகு விமலா நினைவுக்கு வந்தாள், அந்த ஜன்னலும் வந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். "ஆர்டரும் வேணாம், சீட்டும் வேணாம் சார். தோல் எரியற அடுப்பு நான் வெக்க மாட்டேன். வேற யாரும் வெச்சாலும், எதை எரிக்கிறீங்கன்னு அந்த வெளிநாட்டு பார்ட்டிக்கு நானே எழுதுவேன்" என்றேன். குரல் கேன்டீன் வரைக்கும் போயிருக்க வேண்டும். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினால், கௌரி அக்கா கரண்டியோடு வாசலில் நிற்கிறார். பத்து மணி டீக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. அவர் அடுப்பிலிருந்து டீத் தண்ணீர்க் குண்டானை இறக்கிக் கீழே வைத்திருந்தார்.

"சார், அவ சொல்ற மாதிரி வெறகுல வெச்சா நான் ஏத்துறேன். தோல்ல வெச்சா, இன்னிக்கு டீலருந்தே நீங்களே போட்டுக்கங்க. மொத்தக் கம்பெனிக்கும்."

பர்சனல் ஆபீசர் இறங்கிவந்த பிறகு நான் வைத்த அந்த அடுப்பு இன்றைக்கும் விறகில்தான் எரிகிறது, என் நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவள் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைக்கிறாள் என்று விமலா சொன்னாளே, பதினைந்து வருஷ சர்வீசுக்கு எனக்கு நானே நடத்திக்கொண்ட பிரிவு உபசார விழா என்றால் அதுதான்.